மகஜரின் மூன்றாவது வசனம்

கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை உள்ள ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் அனைத்துக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கமும் ஸலாமும்.

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு இளைஞர்கள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். கையில் ஒரு கோப்பு. "மாமா, ஒரு கையெழுத்து வெச்சித் தாங்க" என்றார்கள். ஊருக்குள் வரவிருக்கும் போன் டவருக்கு எதிரான மகஜர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் வசனம் காணியைப் பற்றியது, நியாயம். இரண்டாவது வசனம் ஜெனரேட்டர் சத்தத்தையும் புயலடித்தால் டவர் யார் வீட்டின் மேல் விழும் என்பதையும் கேட்டிருந்தது, அதுவும் நியாயம். மூன்றாவது வசனம் இது: "இக்கோபுரத்தின் கதிர்வீச்சினால் எமது பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்படுவது விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டுள்ளது."

பேனையை மூடி வைத்துவிட்டேன். "நீங்க எக்ஸ்ரேயில வேலை செஞ்சவர், உங்கட கையெழுத்துக்குத்தான் பெறுமதி" என்றான் ஒருவன். அதனால்தான் போட முடியவில்லை தம்பி என்றேன். ஏன் என்று எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். பிறகு விசாரித்தால், அதே மூன்றாவது வசனம் எழுத்துப் பிசகாமல் வேறு ஊர்களின் மகஜர்களிலும் இருக்கிறது. ஆகவே இதை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் 33 வருடம் அரசாங்க வைத்தியசாலைகளில் ரேடியோகிராபராக இருந்தவன். அந்த வருடமெல்லாம் சட்டைப் பையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்கும். நம் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அதுதான் பதிந்து வைக்கும். கொழும்புக்குப் போய் அளவிடப்பட்டு, கணக்கு வரும். எங்களைப் போன்ற வேலைக்காரருக்கு வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவேர்ட் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அலகு) எல்லை. கணக்குத் தாள் வரும் நாளில் என் மனைவி அதைத்தான் முதலில் கேட்பாள், சம்பளத்தை அல்ல. கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. எந்தக் கதிருக்கு, எவ்வளவுக்கு என்று தெரிந்து பயப்படுங்கள் என்கிறேன்.

சிக்கல் தமிழிலேயே தொடங்குகிறது. வெயிலும் கதிர், எக்ஸ்ரேயும் கதிர், போனின் அலையும் நமக்குக் கதிர்வீச்சுத்தான். ஆனால் எக்ஸ்ரேக்கும் காமாக் கதிருக்கும் அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி எறியும் பலம் உண்டு. அப்படிப் பிடுங்கும்போது உயிரணுவுக்குள் இருக்கும் மரபுச் சரடு அறுபடலாம். பெரும்பாலும் உடம்பே அதைத் தைத்துவிடும். சில வேளை பிழையாகத் தைக்கும். புற்றுநோய் தொடங்குவது அந்தப் பிழையான தையலில். போன் அலைக்கு அந்தப் பலம் இல்லை. அதால் முடிந்தது கொஞ்சம் சூடாக்குவது. 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இவ்வகை அலைகளை "ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வரிசையில் வைத்தது உண்மை. அதற்கு முக்கியமாகப் பார்க்கப்பட்டது போனைக் காதோடு ஒட்டிப் பேசுவோரின் மூளைக் கட்டிகள் பற்றிய ஆய்வுகள். "ஒருவேளை" என்று அவர்கள் எழுதியதை "நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று நாம் மாற்றி எழுதிவிட்டோம். இன்னொன்று, டவர் தூரமாக இருந்தால்தான் உங்கள் கையிலிருக்கும் போன் கூடுதல் பலத்தோடு அலையை அனுப்பும். மகஜர் எழுதியவர் இதை யோசித்திருக்க மாட்டார்.

சரி, உண்மையான கதிர்வீச்சும் இரத்தப் புற்றுநோயும் பற்றி உலகத்துக்கு என்ன தெரியும்? தெரிந்ததில் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகி மக்கள் தங்கள் உடம்பால் கற்றுத் தந்தது. 1945 ஓகஸ்டில் குண்டு விழுந்தது. தப்பியவர்களிடையே இரத்தப் புற்றுநோய் கூடுவதை 1940களின் கடைசியில் அங்குள்ள வைத்தியர்கள் கவனித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது உச்சத்துக்குப் போனது. இரண்டு வயதில் குண்டுக்குத் தப்பிய சடாகோ சசாகி என்ற சிறுமி 1955இல், 12 வயதில் இந்த நோயால் இறந்தாள். 1950 முதல் ஏறக்குறைய 120,000 பேரை இன்று வரை தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். அதில் குறிப்பிடத்தக்க அளவு கதிர் பட்ட 49,204 பேரில் 2000ஆம் ஆண்டு வரை இரத்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 204 பேர். அந்த 204இல் சுமார் 94 மரணங்களைத்தான் குண்டின் கதிர்வீச்சுக் கணக்கில் சேர்க்கிறார்கள். மிச்சப் பேருக்குக் குண்டே விழாதிருந்தாலும் வந்திருக்கும். இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது நானே நம்பவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். அணுகுண்டு விழுந்த ஊரிலேயே கணக்கு இப்படி என்றால், நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததும் கூரைக்கு மேல் தெரியும் டவரைக் கை காட்டுவதற்கு என்ன ஆதாரம்?

தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடம் இந்த நோய் கூடியதாகவும் இதுவரை காணப்படவில்லை. "பரம்பரையே கெட்டுப்போகும்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு, அதனால் சொல்கிறேன்.

எங்கள் தொழிலின் பழைய தலைமுறைக்கு இந்த நோய் வந்தது. 1940களில் அமெரிக்க வைத்தியர்களின் மரணப் பதிவுகளைப் புரட்டியபோது எக்ஸ்ரே நிபுணர்களிடையே இரத்தப் புற்றுநோய் மற்ற வைத்தியர்களை விடப் பல மடங்கு இருந்தது. ஈயக் கவசமும் பேட்ஜும் இல்லாமல், வெறுங்கையால் படம் பிடித்த காலம் அது. மேரி கியூரி 1934இல், எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சை வற்றி இறந்தார். அவர் மகள் ஐரீன் 1956இல் இரத்தப் புற்றுநோயாலேயே இறந்தார். அவர்கள் பட்ட பாட்டில் பிறந்ததுதான் என் சட்டைப் பையில் இருந்த பேட்ஜ்.

இப்போது எழுதப்போவதற்காகத்தான் இந்த மடலே.

எங்கள் ஊரில் ஒரு பெண். கர்ப்பமாக இருந்தபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுத்தவன் நான். வயிற்றுக்கு மேல் ஈயக் கவசத்தைப் போர்த்தி, கையை மட்டும் பலகையில் வைத்து எடுத்தேன். ஒரு நொடி வேலை. பிள்ளை நன்றாகப் பிறந்தான். நான்கு வயதில் அவனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனார்கள். அவள் பிள்ளையோடு அங்கே வார்ட்டில் கிடந்த மாதங்களில், இங்கே ஊரில் ஒரு கதை நடந்தது: "வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு எக்ஸ்ரே எடுத்தவள்தானே." கோயில் வீதியில் சொன்னார்கள், கல்யாண வீட்டுப் பந்தலில் சொன்னார்கள். அவள் மாமியார் வீட்டிலும் சொன்னார்கள். வைகாசியில் அம்மன் சடங்குக்கு அவள் வந்த அன்று, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப்போய் அமர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு நோயைக் கொடுத்தவள் என்று ஒருத்தியை ஒதுக்கி வைக்க, கதிர்வீச்சு என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்தக் கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1956இல் இங்கிலாந்தில் அலிஸ் ஸ்டுவர்ட் என்ற வைத்தியர், புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் தாய்மாரைத் தேடிக் கேள்வி கேட்க வைத்தார். கர்ப்ப காலத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நோய் கூடுதல் என்று கண்டார். அன்று அவரை நம்பியவர்கள் குறைவு. பல வருடம் கழித்தே உலகம் ஏற்றுக்கொண்டது. எக்ஸ்ரே அறை வாசலில் "கடைசியாக மாதவிடாய் எப்போது?" என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் நாங்கள் கூச்சம் பாராமல் கேட்பதற்குக் காரணம் அந்த அம்மாதான். ஆனால் அவர் பார்த்தது வயிற்றின் குறுக்கே, குழந்தையின் மேல் நேராகப் பட்ட கதிரை. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் கருப்பைக்குப் போய்ச் சேருவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்பு வாங்குவதே, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் நமக்குச் சும்மா கிடைக்கும் கதிருக்குச் சமம். வருடத்துக்கு அப்படி உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவேர்ட் எல்லோருக்கும் கிடைக்கிறது. வயிற்று சீ.டி. ஸ்கேன் வேறு கதை, அது சில வருடத்துக்குச் சமம். அதனால்தான் பிள்ளைகளுக்கு வைத்தியர் யோசித்து எழுதுகிறார். வைத்தியர் எழுதாமல், "எதுக்கும் ஒண்டு எடுத்துப் பாப்பம்" என்று தனியாரிடம் போய் எடுப்பவர்களைத்தான் நான் ஏசுவேன்.

அவளிடம் இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றே போய்ச் சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தேனோ, என் பெயரும் கதையில் இருந்ததால் கூச்சமோ, ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டேன். பிறகு போய் அவள் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னேன். அழவில்லை அவள். "மாமா, இத நீங்க எனக்கிட்டச் சொல்லத் தேவல்ல. எனக்குத் தெரியும். அங்கால சொல்லுங்க" என்று ஊர்ப் பக்கம் கையைக் காட்டினாள். மூன்றாவது வசனத்தைப் படித்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

இந்த நோய் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் சொல்ல முடியாது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் கூடுதலாக வருகிறது. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களை விட அதிகம் வருகிறது. பென்சீன் என்ற இரசாயனம் ஒரு காரணம், பெற்றோல் ஆவியில் அது உண்டு. தாய் தின்றதோ, பேசிய போனோ, பார்த்த கிரகணமோ இந்தப் பட்டியலில் இல்லை.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். "மகரகமைக்குப் போனால் கரண்ட் பிடிப்பார்கள், பிள்ளை கருகிப்போகும்" என்று பயந்து பிந்திப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். கரண்ட் என்று நாம் சொல்வது மின்சாரம் அல்ல, கதிர்ச் சிகிச்சை. 1960களிலும் 70களிலும் இந்த நோய் வந்த பிள்ளைகளின் தலைக்கு அதைக் கொடுத்தார்கள். நோய் மூளையைச் சுற்றி ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது என்பது காரணம். பல பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் வளர்ந்தபோது படிப்பில் பின்தங்கினார்கள், உயரம் குறைந்தது, சிலருக்கு வேறு கட்டிகள் வந்தன. அதைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் படிப்படியாக அளவைக் குறைத்தார்கள், முள்ளந்தண்டு வழியாக மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக்குக் கதிர் கொடுப்பதே இல்லை. நாம் பயந்துகொண்டிருக்கும் வைத்தியத்தை, பயப்பட நியாயம் இருந்ததால், வைத்தியர்களே நிறுத்திவிட்டார்கள். செய்தி நம் பக்கம் வரத்தான் இவ்வளவு காலம்.

முற்றாக விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. மச்சை மாற்று சிகிச்சைக்கு முன் சிலருக்கு முழு உடம்புக்கும் கதிர் கொடுக்கிறார்கள், சுமார் 12 கிரே, பல தவணையாகப் பிரித்து. எக்ஸ்ரே போன்ற கதிரில் ஒரு கிரே என்பது ஏறக்குறைய ஆயிரம் மில்லிசீவேர்ட். 4 கிரே அளவு ஒரே மூச்சில் பட்டு வைத்தியமும் இல்லாவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். அப்படியான ஒன்றைத் தெரிந்தே கொடுத்து, நோயுற்ற மச்சையை அடியோடு அழித்து, இன்னொருவரின் மச்சையை ஊற்றி உயிரை மீட்கிறார்கள். இந்த வழியைத் திறந்த டொனால் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் கதிருக்குப் பதில் மருந்தை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா என்று பல நாடுகள் சேர்ந்து சோதித்தன. 2021இல் வந்த முடிவில் கதிர்தான் கூடுதல் பேரைக் காப்பாற்றியது. வேண்டாத இடத்தில் விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்துகளின் கதையை ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆந்திராவின் பீமாவரத்தில் 1895இல் பிறந்த சுப்பாராவ், சென்னையில் வைத்தியம் படித்தவர். அமெரிக்காவுக்குப் போய் அங்கே ஒரு மருந்துக் கம்பனியில் அவரும் அவரோடு இருந்தவர்களும் ஆக்கிக் கொடுத்த மருந்தைத்தான் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் நோயுற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் எழுதிய அறிக்கையில் 16 பிள்ளைகள். அவர்களில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலத்துக்கு அடங்கியது. அதுவரை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இறந்துகொண்டிருந்த பிள்ளைகள். அந்த மருந்தின் தம்பிதான் இன்று நம் பிள்ளைகள் விழுங்கும் மெதோட்ரெக்சேட். இன்னொரு மருந்து வின்கிரிஸ்டீன். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் முற்றத்திலும் மயானத்து ஓரத்திலும் கேட்பாரற்றுப் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து. உடனே யாரும் இலையை அவிக்கக் கிளம்ப வேண்டாம், அது நஞ்சு. மலையளவு இலையிலிருந்து துளியாகப் பிரித்து, பிள்ளையின் அளவுக்கு நிறுத்துக் கொடுப்பதால்தான் அது மருந்து. 1940களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்த இந்த நோயில் இன்று வசதியுள்ள நாடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அங்கே பயன்படும் அடிப்படை மருந்துகள் பழையவை, மலிவானவை.

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே தவறிப்போகிறார்கள்? மகஜரை விட இந்த இடத்தில்தான் உங்கள் கை தேவை.

நம் பக்கத்தில் மழை விட்டதும் டெங்கு. காய்ச்சல், இரத்தப் பரிசோதனையில் பிளேட்லட் (இரத்தம் உறைய உதவும் அணு) குறைவு, உடனே பப்பாசி இலைச் சாறு. டெங்கு என்றால் சில நாளில் எண்ணிக்கை ஏறிவிடும். காய்ச்சல் போயும் ஏறவில்லை, பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறான், விழாமலே கண்டல் காயம், இரவில் கால் உளைகிறது என்று அழுகிறான், திரும்பவும் காய்ச்சல் என்றால் சாற்றை வைத்துவிட்டு வைத்தியரிடம் போய் இரத்தப் படம் (அணுக்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். ஊர்க் கூட்டங்களில் நுளம்பு பற்றிப் பேசும்போது இந்த ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வைத்தியம் இரண்டு, மூன்று வருடம் போகும். முதல் சில மாதத்திலேயே பிள்ளை ஓடி விளையாடத் தொடங்குவான். பணமும் முடிந்திருக்கும். மகரகமைக்கு இரவு பஸ், தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போச்சு, அங்கே தங்க இடம் இல்லை, துண்டில் எழுதியிருப்பது சிங்களமும் ஆங்கிலமும். அப்புறம் என்ன, "புள்ளக்கு இப்ப ஒண்டுமில்லயே" என்று நின்றுவிடுகிறார்கள். நோய் திரும்பி வரும்போது அடக்குவது மிகக் கடினம். இரண்டு டிக்கட் காசு கோயில் உண்டியலிலோ பள்ளிவாசல் நிதியிலோ இல்லையா? துண்டை வாசித்துச் சொல்ல ஒரு ஆசிரியர் இல்லையா? மெதோட்ரெக்சேட் மாத்திரை கிழமைக்கு ஒரு நாள் மட்டும். அதைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வாசிக்கத் தெரிந்த ஒருவர் கலண்டரில் அந்த நாளை வட்டமிட்டுக் கொடுத்தால் போதும்.

மருந்தில் இருக்கும் பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல் அல்ல, தீப்பிடித்த வீடு. நோய் எதிர்ப்பு இல்லாத உடம்பில் கிருமி சில மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடும். விடியட்டும் என்று பனடோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. படுவான்கரையில் இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் ஆட்டோவுக்கு எங்கே போவாள்? அப்படி ஒரு பிள்ளை உள்ள ஊரில், எந்த இரவு எந்த ஆட்டோக்காரர் என்று முறை போட்டு அவள் வீட்டுச் சுவரில் இலக்கங்களை ஒட்டுங்கள். டவர் வேண்டாம் என்ற ஊரில் அந்த அழைப்புக்கு சிக்னல் இருக்குமா என்று கேட்டால் கோபிப்பீர்கள், விடுகிறேன்.

கடைசியாக, விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு. இரத்ததானம் நன்றாகச் செய்கிறீர்கள், சந்தோசம். ஆனால் எல்லாக் கழகமும் ஆண்டு விழா நாளிலும் தலைவர் பிறந்தநாளிலும் கொண்டுபோய்க் குவிக்கிறீர்கள். பிளேட்லட் ஐந்து நாளைக்கு மேல் இருக்காது. ஆறாம் நாள் மருந்தால் மச்சை ஒடுங்கிய பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வரும்போது, நீங்கள் கொடுத்த பிளேட்லட் காலாவதியாகியிருக்கும். கல்லடி ஒரு கிழமை, ஆரையம்பதி அடுத்த கிழமை, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, காரைதீவு, நிந்தவூர் என்று இரத்த வங்கியைக் கேட்டு முறை வைத்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் அந்த இரத்தப் பைக்கே கதிர் காட்டுகிறார்கள், 25 கிரே. தானம் தந்தவரின் வெள்ளணு நோயாளியைத் தாக்காமல் இருக்க. அதனால் இரத்தத்தில் கதிர் தங்கிவிடாது.

மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்த அந்தத் தாயின் பையனுக்கு இப்போது ஒன்பது வயது. மருந்து நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. கிளினிக்குக்குப் போய் வருகிறான். என் மதிலுக்கு மேலால் பந்தை அடித்து என் தக்காளிச் செடியை முறித்தது பற்றி அவன் தாயிடம் முறைப்பாடு செய்யவிருக்கிறேன்.

மகஜர் என் மேசையில்தான் இருக்கிறது. மூன்றாவது வசனத்தை வெட்டிவிட்டு வாருங்கள். காணிக்கும் சத்தத்துக்கும் புயலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்,
களுவாஞ்சிகுடி